இரண்டாவது தாள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘சிவப்புப் பேனா’ என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், அவளோ அதை விருதுபோல் வாங்கிக்கொண்டாள். கடைப் பலகையில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் அந்தத் தெருவைத் தாண்டமாட்டாள். கணவனின் இறப்புச் சான்றிதழில் அவன் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறியதென்று, கண்ணீர் காய்வதற்குள் மூன்று நடை அலைந்தவள். என்ன பிறவியோ!

வேலை, கணினிக்கு ஆங்கிலம் பழக்குவது. திரையில் ஒரு வாக்கியம் வரும். ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, பெயரடையா என்று குறிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்வார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால், பெயர் போடாமல் அச்சடித்த தாள்கள் இவள் மேசைக்கு வரும். இவள் சொன்னதுதான் தீர்ப்பு.

கீழ்த்தளத்தில் சொல் குறிக்கிறவர்களில் ஒருத்தி இவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான பிறகு, இவள் சம்பளத்தோடு ஓரகத்தியின் சம்பளமும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். இவளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சின்னவளான ஓரகத்திக்குச் சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்துவிட்டது. மதியத்துக்குமேல் எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும். இது பெரியவளான இவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் மேலாளர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். ஓர் ஆளைக் குறைக்க வேண்டுமாம்; எதில் தப்பு அதிகமோ, அதைச் செய்தவருக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லையாம்.

இரண்டாவது தாளை எடுத்தாள். மேல்பாதி பளிச்சென்று இருந்தது. மதியம் செய்த கீழ்ப்பாதியில் வினைச்சொல்லெல்லாம் பெயர்ச்சொல்லாகிக் கிடந்தது. யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அவளை மீறிப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தப்பைக் கண்டும் காணாமல் விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவதில் கை தானாகப் போய் வட்டம் போட்டது. பிறகு மேலே திரும்பிப் போய், விட்ட இரண்டையும் வட்டமிட்டாள். மொத்தம் நாற்பத்தொன்று.

மறுநாள் மாலை, வேலை இல்லையென்று மேலாளர் கொடுத்தனுப்பிய அந்தத் தாளோடுதான் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நின்றிருந்தவளிடம் விரித்துக் காட்டினாள்.

“உங்க வட்டம் எனக்குத் தெரியாதாக்கா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. “என் தாள்னு தெரியாமத்தான் போட்டீங்கன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

எவ்வளவு சின்னப் பொய். அதைச் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? தன்மேலேயே பெரியவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“தெரியும்” என்றாள்.

சின்னவள் தாளை மடித்துக்கொண்டு கணவன் படுத்திருந்த அறைக்குப் போனாள். அவன் என்னவோ கேட்டான்.

“அக்காவுக்கு யார் தாள்னே தெரியாதாம்ங்க” என்று அவள் சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்டது.

பெரியவள் அதைத் திருத்தப் போகவில்லை.