அக்காவுக்குப் பெண் கேட்டுச் செங்கலுக்கு

கேரளத்தில் நான் பார்க்காத ஊரே கிடையாது. சும்மா சொன்னேன். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை வந்து, பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பியதுதான் என் உலகப் பயணம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கோழிக்கடைக்காரனுக்கு அதுவே வெளிநாடு.

இன்று அதையும் தாண்டிவிட்டேன். அக்கா ஸ்டெல்லாவுக்குப் பெண் கேட்க. ஆமாம், பெண்தான்.

காலை ஒன்பதுக்குக் களியக்காவிளையில் பஸ் மாறினோம். அக்கா மத்தியப் படையில் இருந்தவள். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக் கால் பொருத்த நெய்யாற்றின்கரைக்குப் போனபோது பிந்துவின் ஆட்டோவில் ஏறினாள். முதல் நாள் பிந்து கை நீட்ட, அக்கா எரிந்து விழுந்தாளாம். மறுநாள் பிந்து கை நீட்டவில்லை. உயரமான திட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். அக்கா தானாகவே இறங்கினாள். அறையை விட்டு வராமல் கிடந்தவள், அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். அதற்காகவே பிந்துவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஏழெட்டுக் கிலோமீட்டரில் உதியன்குளங்கரை. பிந்துவே ஆட்டோவோடு நின்றாள். பெண்ணே வண்டி ஓட்டி மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிப்போகிற கூத்தை எங்கே பார்ப்பீர்கள்?

"அம்மைட்ட சொன்னியா?" என்றாள் அக்கா.

"நீங்க ரெண்டுபேரும் பெண் கேட்டு வாறீங்கண்ணு சொன்னேன். யாருக்குண்ணு சொல்லத் தைரியம் வரல்ல."

"அம்மை மாட்டேண்ணா நான் இனி இந்த ரோட்டுல வரமாட்டேன், பிந்து. உனக்கு இருக்கது அம்மை மட்டுந்தான்."

செங்கல் என்பது பிந்துவின் ஊர். அங்கே வீட்டில் அவள் அம்மா என்னை மட்டும் நல்ல நாற்காலியில் இருத்தினார்.

"மோனுக்கு என்ன சோலி?"

"கோழிக்கடையிலாக்கும், அம்மே. கோழிய வெட்டுவேன், வேற கெட்ட பழக்கம் இல்ல."

அவர் சிரித்தார். மாப்பிள்ளை நான்தான் என்று நினைத்துவிட்டார்! உண்மையைச் சொல்ல வேண்டிய நான், தலையைக் கோதிக்கொண்டேன்.

பிந்து சாயாத் தட்டோடு வந்தாள். முதல் கிளாஸ் மாப்பிள்ளைக்கு என்பது இங்கே வழக்கம். கை நீட்டினேன். தட்டு என்னைக் கடந்து அக்கா முன்னால் நின்றது.

"எடீ, மாப்ளச் செக்கன் இஞ்சயல்லா இருக்கான்?"

"எனக்கு ஸ்டெல்லா போதும், அம்மே."

வெடிச்சத்தத்தில் வேலை பார்த்த அக்கா, கிளாஸை இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அடுக்களைக்குள் போனார். பிந்து பின்னாலேயே ஓடினாள்.

இப்போது வாசற்படியில் உட்கார்ந்து இதைக் கைபேசியில் தட்டுகிறேன். அக்கா சாயாவைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. என்ன பதில் வந்தாலும், அவளைத் தேடிப்போன அந்தத் தட்டுக்கு நன்றி. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் தெருவே கூடியிருக்கும். இங்கே பாத்திரச் சத்தம் மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒருமுறை இப்படித்தான்... இருங்கள், அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்.

"எலே, மருமவளுக்கத் தம்பி! கோழி வெட்டுவேண்ணு சொன்னியே, எழும்பி வா இஞ்ச!"