நீல மையில் ஒரு டிக்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கால்மாட்டில் தொங்கும் பெரிய தாளில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. காய்ச்சல், ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் போக, அடியில் ‘மலம் கழித்தாரா?’ என்று ஒன்று. அங்கே நர்ஸாக இருந்த நான் அதில் நீல மையில் போட்ட ஒரு டிக் இத்தனை வருடமாகியும் என்னை விடவில்லை.

அந்த நோயாளி கீழ்பென்னாத்தூர் விவசாயி. நுரையீரலில் சளி கட்டி, வாயில் சுவாசக் குழாயோடு மயக்க மருந்தில் கிடந்தார். அவர் மனைவி தினமும் பார்வை நேரத்தில் வந்து என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “வெளிக்குப் போனாராம்மா? ரெண்டு நாள் போவலன்னாவே அவருக்கு மூச்சு முட்டும்.” பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிற குரல். எனக்குக் கூச்சம், எரிச்சல். ஆக்சிஜன் அளவை விட்டுவிட்டு இதைப் போய்க் கேட்கிறாரே என்று நினைப்பேன்.

அன்று பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு, அரக்கப்பரக்க வந்து சேர்ந்தேன். முந்தைய ஷிப்டுக்காரி போட்டிருந்த டிக்கைப் பார்த்து நானும் போட்டேன். அவளும் அதற்கு முந்தையதைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அந்தம்மா வந்து கேட்டபோது, “போனாருங்க” என்றேன், தலையைக்கூட நிமிர்த்தாமல். “அப்பாடா, அண்ணாமலையாரே” என்று கும்பிட்டார்.

மறுநாள் குழாயை எடுப்பதாக இருந்தது. காலையில் வயிறு கல்லாக உப்பியிருந்தது. மூக்குக் குழாய் வழியே கொடுத்த உணவு வாந்தியாகி, கொஞ்சம் நுரையீரலுக்குள்ளும் போய்விட்டது. ஆறு நாளாக அவர் போகவே இல்லை. எனிமா கொடுத்ததும் வயிறு இறங்கியது. ஆனால் வாயிலிருந்த குழாய் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. “சார்ட்ல போட்டிருந்துச்சு டாக்டர்” என்று மட்டும் சொன்னேன். பார்க்காமல் போட்டேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தம்மா அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். “நான் கேட்டப்பல்லாம் மூஞ்ச சுளிக்காம பதில் சொன்ன. நல்லா இருக்கணும்மா நீ.” அவர் கணவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், குழாய் கிடந்த தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

இப்போது தாளுக்குப் பதில் கணினி. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் அந்தக் கட்டத்தை நான் நிரப்புவதில்லை. “வீட்ல எத்தன நாளுக்கு ஒருக்கா போவாருங்க?” என்று சொந்தக்காரர்களை நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். நல்ல நர்ஸ் என்கிறார்கள். கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த டிக் பொய் என்று அந்தம்மாவிடம் சொல்ல நான் இன்னும் போகவில்லை.