வீட்டில் எத்தனை பேர்?

அந்த நாசமாய்ப்போன டோனட் பெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கோயிலில் பிரசாதம் கொண்டுவருகிறவர் போல மனேஜர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, லைன் வாகனங்கள் நிற்கிற எங்கள் யார்டுக்குள் வந்தார். மாஸ்க் நாடிக்குக் கீழே தொங்கியது. சங்கத்தின் செய்திமடலுக்குப் படம் எடுக்கவேண்டுமாம், 'எங்கள் வீரர்கள்' என்று தலைப்பும் வைத்தாயிற்றாம். ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அண்ணையின் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றார். நடுவில் இரண்டு தரம் இருமிவிட்டு, பூந்தூள் அலர்ஜி என்றார். பனியே கரைந்து முடியவில்லை, அதற்குள் எந்தப் பூ பூத்ததோ! கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்க்கம் நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் எங்கள் சங்கம் வரும். கிராமத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கம். ஊரில் சங்கக்கடை இருந்ததே, அதுபோலத்தான். கரண்ட் பாவிக்கிற தோட்டக்காரரும் பால்பண்ணைக்காரரும்தான் சொந்தக்காரர். கம்பத்தில் ஏறி லைன் பார்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கொரோனாவில் அவர்களில் இரண்டு பேர் படுத்துவிட்டால் பாதி ஊர் இருட்டு. வீட்டில் ஒக்சிசன் மெஷினோடு கிடக்கிற கிழவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் லைன்மன்மாரை வீட்டுக்கு விடாமல் யார்டிலேயே கரவன் என்கிற சக்கர வீடுகளில் படுக்கவைத்தார்கள். ஒரு வாகனத்துக்கு ஒரு ஆள். என் வேலை உள்ளேயிருந்து, எந்த லைனில் கரண்ட் நின்றிருக்கிறது, எதில் கைவைக்கலாம் என்று ரேடியோவில் சொல்வது. எங்கள் அறைக்குள் வேறு எவரும் கால்வைக்கக் கூடாது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏற்பாட்டால் ஒரு நாள்கூடச் சேவை நிற்கவில்லை.

அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை. அங்கே எங்கள் இரண்டு பேரையும் விட்டால் தமிழ் கதைக்க ஆளில்லை, அதனால் அண்ணையானார். நகரத்தில் வோபர்ன் பக்கம் வீடு. மேலே அவரும் மனிசியும் இரண்டு பிள்ளைகளும். கீழே பேஸ்மன்றில் தனி வாசலோடு அவருடைய தங்கச்சி, புருசன், ஒரு மகன். தங்கச்சிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறுதோறும் அவர் சமைத்து வீட்டு வாசல் டிரைவ்வேயில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணை காரில் போய் எடுத்துக்கொண்டு, ஜன்னலில் நிற்கிற சனத்துக்குக் கைகாட்டிவிட்டுத் திரும்புவார். “பிள்ளை, இண்டைக்கு நண்டுக்கறி. உமக்கும் ஒரு பங்கு கதவடியிலை வைச்சிருக்கு” என்று ரேடியோ கரகரக்கும். பால் பக்கற்றையே சவர்க்காரம் போட்டுக் கழுவின காலம் அது. நான் ஒன்றையும் கழுவாமல் விரல் சூப்பச் சூப்பச் சாப்பிட்டேன்.

டோனட் வந்த அந்தக் கிழமையே அண்ணைக்குக் காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி, ஒக்சிசன். கொஞ்சம் மூச்சு வந்ததும் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் போனது. முதல் கேள்வியே, உங்கள் வீட்டில் எத்தனை பேர். அண்ணை ஏழு பேர் என்றார். என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்க, அதையும் ஒளிக்காமல் சொன்னார். அவ்வளவுதான், முடிவு எழுதியாயிற்று: நோய் வீட்டிலிருந்து வந்தது, வேலையால் வந்ததல்ல, ஆகவே நட்டஈடும் இல்லை.

எனக்கு விசர் பிடிக்காத குறை. “நாலு எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை? உண்மையிலை நீங்கள் கரவனிலை தனியத்தானே இருந்தனீங்கள்!”

“அப்ப தங்கச்சியை என்ரை வீட்டாள் இல்லையெண்டு சொல்லச் சொல்லுறீரோ?”

வெள்ளைக்காரன் கேட்டது ஆர் ஆரோடு மூச்சு விட்டாய் என்று. அண்ணை சொன்னது ஆர் ஆர் தன்னுடைய ஆட்கள் என்று. நானும் சும்மா இருக்கவில்லை. மனேஜர் இருமினதைக் கண்ணால் கண்டேன், தங்கச்சி சமைத்த அதே சாப்பாட்டை நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்று பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். வதந்தி பரப்பவேண்டாம் என்றார். அண்ணையின் நெஞ்சு பழையபடி வரவில்லை; கம்பம் ஏற முடியாதவருக்கு அங்கே வேலையும் இல்லாமல் போனது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி, அவருடைய மனிசி அலுவலகம் சொன்னதையே பிடித்துக்கொண்டார். “உன்ரை சாப்பாட்டாலைதானடி என்ரை மனிசன் இப்பிடிக் கிடக்கிறார்” என்று தெருவெல்லாம் கேட்க மைத்துனியை ஏசினாராம். கோடை முடியமுன் தங்கச்சி குடும்பம் மொன்றியலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணையின் போனைத் தங்கச்சி எடுப்பதில்லை.

போன மாதம் மனேஜருக்குப் பிரியாவிடை. கையில் வைன் கிளாஸோடு எழும்பி, அந்தக் காலத்துப் பகிடி ஒன்று சொல்கிறேன் என்றார். டோனட் கொடுத்த மறுநாளே தனக்குக் கொரோனா என்று டெஸ்டில் தெரிந்துவிட்டதாம், நல்லகாலம் முதல்நாளே அலர்ஜி என்று சமாளித்துவிட்டேன் என்றார். வாய் கூசாமல் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் எழும்பி வெளியே வந்து, கார் பார்க்கில் நின்றே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

கேட்டதை அப்படியே சொன்னேன். அண்ணை, “சிரிச்சவங்களோ?” என்றார்.

“ஓம் அண்ணை.”

“தங்கச்சிக்கு நீரே சொல்லும், பிள்ளை. நான் எடுத்தா எடுக்கமாட்டாள்.”

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்கு எடுத்தேன். ஒரு குடும்பத்தைத் திருப்பி ஒட்டவைக்கப் போகிறேன் என்று எனக்குப் பெரிய எண்ணம். தங்கச்சி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

“பிள்ளை, அந்த இல்லத்திலை எங்களுக்குக் கிழமைக்குக் கிழமை டெஸ்ட். அந்தக் கிழமையும் எனக்கு நெகட்டிவ். அண்ணை ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கையே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னனான்.”

“அப்ப அண்ணை ஏன் அண்ணிக்குச் சொல்லேல்லை?”

“இப்ப கதைச்சா வீட்டிலை சண்டை, கொஞ்சநாள் பொறு எண்டவர். பொறுத்தன். லொறி வந்து சாமான் ஏத்துமட்டும் பொறுத்தன். அண்ணை மேல் ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டவர்.” வேலைக்கு நேரமாகுது என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அண்ணை. தங்கச்சி என்ன சொன்னாள் என்று கேட்கத்தான் எடுக்கிறார். அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.