முப்பது செண்ட்டுக்கு ஒரு கிடை

அன்னவாசலுக்கு மேற்கே செவந்திக்கு முப்பது செண்ட் மானாவாரிக் கொல்லை இருந்தது. வருடா வருடம் கடலை போட்டுச் சளைத்த மண். போன தடவை ஒரு செடியைப் பிடுங்கினால் ஒரே ஒரு காய் வந்தது. அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. நூறு நாள் வேலைக் கூலி அடுப்புக்கே சரியாகப் போயிற்று. உர மூட்டை விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. இந்தக் கோடையில் ஒரு ராத்திரி ஆட்டுக்கிடை போட்டு, ஆடுகளைக் கொல்லையிலேயே படுக்கவைத்துப் புழுக்கையை எருவாக்கிவிட்டால் ஆடிப் பட்டத்தில் பிழைத்துக்கொள்ளலாம்.

முந்நூறு ஆடுகளோடு ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த நாகராசு, காதிலிருந்து செல்போனை எடுக்காமலே கொல்லையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏத்தா, இதுல ஆட்டை ஒண்ணு மேல ஒண்ணாத்தான் அடுக்கணும். பக்கத்துக் கொல்லையவும் சேத்துக் குடு, போடுறேன்."

பக்கத்துக் கொல்லை வெள்ளைச்சாமியுடையது. வரப்பை யார் வெட்டித் தின்றது என்ற சண்டையில் இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. அந்த வரப்பில் இப்போது எறும்புகூட ஒருக்களித்துத்தான் நடக்கும். செவந்தி வீம்பை முந்தானையில் முடிந்துகொண்டு அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க மண்ணுல மட்டும் சத்து கொட்டியா கெடக்கு, மச்சான்?"

"ஒன் வாயில இருக்க சத்துல பாதி இருந்தா நான் பணக்காரன்," என்றார் வெள்ளைச்சாமி. அவருக்கும் அதே முப்பது செண்ட்தான். "கிடைக்கூலி ஆளுக்குப் பாதி. புழுக்கையும் பாதி."

"சரிங்க மச்சான்."

அன்று சாயங்காலம் ஆடு வந்து சேருமுன், கண்மாய்க் கரையில் பொறுக்கிய இரண்டு சாக்குக் கருவை நெத்தைச் செவந்தி தன் பக்கம் மட்டும் இறைத்துவிட்டாள். அந்த உலர்ந்த கருவேலங்காய் என்றால் ஆட்டுக்கு உயிர்.

விடிந்து பார்த்தால், அவள் கொல்லை மிளகு காயப்போட்ட களம்போலக் கறுத்துக் கிடந்தது. வெள்ளைச்சாமி பக்கம் ஏழு புழுக்கை. அவர் இரண்டு தடவை எண்ணினார்.

"என்ன செவந்தி இது நியாயம்?"

"ஆட்டுக்கு யாரு வரப்பைக் காட்டுறது? நமக்கே தெரியலையே!"

அவர் குனிந்து ஒரு நெத்தை எடுத்தார். விஷயம் விளங்கிவிட்டது. "அடிப்பாவி! நெத்து தின்ன புழுக்கை இது, உள்ள வெதை அப்படியே கெடக்கும். ஒனக்குக் கடலைக்கு முன்னாடி கருவைதான் மொளைக்கும், பாரு!"

"மொளைக்கட்டும். ஒண்ணொண்ணாப் பிடுங்கிக்கிறேன்."

நாகராசு கம்பால் தட்டித் தட்டிப் பார்த்தார். தின்ற தீனியில் ஒரு கிடாகூட எழவில்லை.

"இதுக இன்னக்கி நகராது. இன்னொரு ராத்திரி இங்கனதான்."

"அது எங் கொல்லையில!" என்று கத்திய வெள்ளைச்சாமி, இரண்டு சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஓடினார்.

"கெழக்கால போங்க மச்சான்! மேற்க நான் தொடச்சு எடுத்துட்டேன்!" என்றாள் செவந்தி.

வெயில் ஏறிச் சத்துப் போவதற்குள் புழுக்கையை மண்ணோடு சேர்த்துவிட வேண்டும். மண்வெட்டியை எடுத்து, படுத்திருந்த ஆடுகளை விலக்கி விலக்கிக் கொத்த ஆரம்பித்தாள்.