சாராள் அக்காவின் மூன்றரை விரல்கள்

நூலின் ஒரு முனை பல்லிடுக்கில், மறுமுனை இரண்டு கை விரல்களில், நடுவில் முறுக்கு. சாராள் அக்கா விரல்களைக் கத்தரி மாதிரி விரித்து மூட மூட, புருவத்து முடி பொடுபொடுவென்று பிடுங்கிக்கொண்டு வருகிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவளுக்குக் கண்ணில் தண்ணீர். அக்காவின் வாய் மட்டும் ஓய்வதே இல்லை. பல்லைக் கடித்தபடியே கீழ்க்கட்டளைப் பகுதியின் அன்றைய செய்திகள் அத்தனையும் வாசித்துவிடுவாள். வாயில் நூல் இல்லாமல் பேசினால் அவள் பேச்சு அவளுக்கே புரியாது என்பார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ஜெபகுமார்.

ஒற்றை அறை பார்லர், பதினாறு வருடம். யார் பெயரும் அவளுக்கு நிற்காது, புருவம்தான் நிற்கும். "அந்தக் கோணப் புருவம் வரும்ல, அதுக்கு மாப்ள அமைஞ்சிட்சி" என்பாள். கேட்பவர்களுக்கும் யாரென்று புரிந்துவிடும். அதுதான் ஆச்சரியம்.

போன ஆடியில் அவள் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும், மோதிர விரலில் சரியாகப் பாதியும் மரத்துப்போக ஆரம்பித்தன. விடியற்காலையில் விரல்களில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். எழுந்து கையை உதறுவாள். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "மத்தவனுங்கல்லாம் கஷ்டப்படறானுங்கோ, இவன் மட்டும் வூட்டோட மாப்ள மாரி சொகமா கீறான்" என்று அதைத் திட்டுவாள். தெரு முழுக்க வைத்தியம் சொன்னது. வாயு என்று பூண்டு தின்றாள். சபையிலிருந்து ஜெபிக்க வந்த போதகர் அவசரத்தில் இடது கையைப் பிடித்துக்கொண்டு உருகிவிட்டார். இடது கை இன்றுவரை அமோகமாக இருக்கிறது.

அப்போதுதான் தேவதர்ஷினியின் புருவம் போனது. பள்ளிக்கூடத்து ஃபேர்வெல் நாளில் முதன்முதலாகப் புருவம் எடுக்க வந்த பெண். இப்போது வங்கியில் வேலை. நூல் எங்கே இருக்கிறது என்று அக்காவின் விரலுக்குத் தெரியவில்லை. இடது புருவம் ஒரு தூக்குத் தூக்கிக்கொண்டது. மூன்று வாரம் அந்தப் பெண் யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்கிற முகத்தோடு திரிந்தாள்.

"அக்கா, மேனேஜர் டென்ஷன் ஆகறார். நான் அவரை நம்பலையாம்" என்றாள் தேவதர்ஷினி.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனதும் கடையைச் சாத்திக்கொண்டு, மரத்த விரல்களில் நூலைச் சுற்றி மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அவளுடைய இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எறும்பு வந்துவிட்டது. மணிக்கட்டில் கதவு தட்டுகிற மாதிரித் தட்டினார். நடுவிரல் நுனிவரை கரண்ட் ஓடியது. வீட்டுக்கு வந்து அக்கா புருஷனுக்கு விளக்கினாள்: "மணிக்கட்டுல ஒரு சந்து கீதாம். அதுல ஒம்போது நாரு, ஒரே ஒரு நரம்பு. நாரு வீங்கினா நரம்பு நசுங்கிடுமாம். உன் ஆட்டோல ஒம்போது பேர ஏத்திகினு, பத்தாவதா ஒரு ஒல்லிப் பொண்ணச் சொருகுவியே, அவ கதிதான்."

ஜெபகுமார் ஒன்பது பேரை ஏற்றியதே இல்லை என்று சாதித்தார். எட்டு பேர்தானாம்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மணிக்கட்டு மடங்காமல் நேராக நிறுத்தும் பட்டை, தூங்கும்போது. அரை மணிக்கு ஒரு தரம் கைக்கு ஓய்வு. விரலை மூடித் திறந்து நரம்பை இழுத்துவிடும் பயிற்சி. ஆறு வாரத்தில் குறையாவிட்டால் ஊசி. அதற்கும் கேட்காமல் கட்டைவிரல் அடிச்சதை வற்றினால் கத்தி. அந்த ஆறாவது வாரத்தில்தான் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். அவள் அம்மா, எதிரே புதிதாகத் திறந்த ஏசி பார்லருக்கு இழுக்கிறாள், பெண் அசையவில்லை. "வெரலுக்கு உணர்ச்சி வர்லன்னா நானே உன்ன அங்க கூட்டிகினு போய் வுட்டுட்றேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அவள் செய்த வேலையைக் கேளுங்கள். பகலெல்லாம் பட்டையும் கையுமாக ராணி மாதிரி நடமாடினாள். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ராத்திரி வளையலோடு சேர்த்துப் பட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டினாள். இரண்டு வாரம் கழித்து, அவள் மணிக்கட்டைக் கொக்கியாய் மடித்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குவதை ஜெபகுமார் பார்த்துவிட்டார்.

"தூங்கறப்ப கை இன்னா வேலையா செய்து?" என்றாள் அக்கா.

"மடங்குது. அத்தாண்டி வேல" என்றார் அவர்.

அன்றிலிருந்து பட்டை கட்டுவது அவர் பொறுப்பு. காலை சவாரியில் அக்காவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் பயிற்சி. பின்சீட்டில் இருந்த ஆபீஸ் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டுப் பத்துக் கைகள் வெளியே நீண்டு விரிந்து மூட, பக்கத்து பஸ்காரர் யாரோ வழி கேட்கிறார்கள் என்று கண்ணாடியை இறக்கினார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் தேவதர்ஷினி நாற்காலியில் சாய்ந்தாள். அம்மா வாசலிலேயே நின்றாள், எதிர்க்கடையைப் பார்த்தபடி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த இடது புருவத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். மோதிர விரலில் இன்னும் கொஞ்சம் மரப்பு பாக்கி. மற்ற விரல்களுக்கு ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தாள். கண்ணாடியில் இரண்டு புருவமும் ஒரு கேள்வியும் கேட்காமல் சமமாக நின்றன. அம்மா உள்ளே வந்து தனக்கும் எடுக்கச் சொன்னாள்.

வெளியே ஆட்டோவை ஆஃப் பண்ணாமல் ஜெபகுமார் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். அக்கா குனிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, அவர் கறுத்த மீசைக்குள் ஒளிந்திருந்த ஒற்றை நரைமுடியைச் சுருக்கென்று பிடுங்கி, வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.