வக்கீல் எதுக்கு என்று கேட்டவள் நான்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் காப்பர் கேபிள் திருடு போனது. அங்கே ஸ்டோர் பார்க்கும் என் கொழுந்தனை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

"அண்ணி, ஒரு வக்கீலைக் கூட்டிக்கினு போவட்டா?" என்றான்.

"தப்பு பண்ணாதவனுக்கு வக்கீல் இன்னாத்துக்கு? பாக்கிறவன் சந்தேகப்படுவான்" என்று தனியாக அனுப்பிவிட்டேன்.

அங்கே நீட்டிய தாளில் பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறான். திருட்டை ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. பன்னிரண்டு நாள் ஜெயிலில் இருந்தான். கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் கொடுத்த வக்கீல்தான் ஜாமீன் வாங்கித் தந்தார்.

"விசாரணைக்குக் கூப்பிட்டப்பவே எங்க மையத்துக்கு வந்திருக்கலாமேம்மா. போலீஸ் எழுதுற வாக்குமூலத்துல அவர் கையெழுத்தே போட வேண்டியதில்லை" என்றார்.

பிறகு உண்மையான திருடன் பிடிபட்டான். கொழுந்தனுக்குச் சோறு போடும்போது இன்றும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும், முதலில் அந்த வக்கீலுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன்.