கலியமூர்த்தி கொண்டுவந்த கடைசித் தடயம்

"கலியமூர்த்தி தவறிட்டாருய்யா, மாரடைப்பாம்" என்று அச்சகத்திலிருந்து போன் வந்தபோது, "காலங்காத்தால விளையாடாதே" என்று கத்திவிட்டேன். முந்தாநாள் எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதர்! முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். செருப்பில்லாமல் கிளம்பியது பாதி வழியில்தான் உறைத்தது.

உங்களில் பலருக்கு அவரை மில் தொழிலாளியாகத் தெரியும். மில் மூடிய பிறகு நாங்கள் இருவரும் மாத நாவல்களுக்குத் துப்பறியும் கதை எழுதியது சிலருக்குத்தான் தெரியும். தடயம் அவர் பொறுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு துப்பறிவாளரை அடுத்த இடத்துக்கு நடத்துவது என் பொறுப்பு. எல்லாம் டீக்கடை பெஞ்சில்தான் முடிவாகும்.

ஒருமுறை பிணத்தின் சட்டைப்பையில் கொலைகாரன் விலாசத்தையே வைத்துவிட்டேன். தாளைச் சுருட்டி என் மேலேயே எறிந்தார். "நேரா அவன் வூட்டுக்கே போயிட்டா படிக்கிறவன் எதுக்குய்யா? தடயம் அடுத்த தடயத்தைக் காட்டணும், ஆளைக் காட்டக்கூடாது." விலாசத்தை அடித்துவிட்டு, மீன் செதில் ஒட்டிய பஸ் டிக்கெட் ஒன்றை வைத்தார். டிக்கெட் பிள்ளைச்சாவடிக்கு இழுத்தது, செதில் அங்கே ஒரு மீன்காரம்மாவிடம் கொண்டுவிட்டது, அவள் ஒரு படகைக் காட்டினாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒரு ஆளு. நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. இடது தோள்ல வலி. சோறு எறங்கல. இது எங்க போய் முடியும், சொல்லு."

எனக்கு ஒரே உற்சாகம். "யாரோ கொஞ்சங்கொஞ்சமா விஷம் வெக்கிறாங்க. மொதல்ல பொண்டாட்டிய விசாரிக்கணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாத்தான் போவுது, எழுது" என்று எழுந்து போனார். பாவி நான், அன்றே முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினேண்ணா. 'இரு, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்'னு போனாரு. சிரிச்சிகிட்டே திரும்பி வந்தாரு. அப்புறம் ஆஸ்பத்திரி பேச்சே எடுக்கல. நீங்க என்னாண்ணா சொன்னீங்க?"

இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். கலியமூர்த்தியால் எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யார் வந்து எதை ஆரம்பித்தாலும், "இது கதையா, இல்ல உனக்கா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.